வடமுடியின் இரட்டை விண்மீனைப் பின்தொடர: ஏ.ஏ.வி.எஸ்.ஓ. இணையச் சேவைகள் பற்றிய மதிப்புரை

அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கம், சுருக்கமாக ஏ.ஏ.வி.எஸ்.ஓ., தன் இணையதளத்தில் எவருக்கும் கட்டணமின்றி வழங்கும் சேவைகளை, வடமுடி (கொரோனா போரியாலிஸ்) விண்மீன் குழுவில் உள்ள டி கொரோனா போரியாலிஸ் என்னும் ஒரே இரட்டை விண்மீனை முன்னிட்டுப் பயன்படுத்திப் பார்த்து எழுதும் மதிப்புரை இது. இந்த விண்மீன் 2024-இல் வெடித்து வெறுங்கண்ணுக்கே தெரியும் என்ற கணிப்பு உலகெங்கும் செய்தியானது. அந்த ஆண்டு வெடிப்பின்றிக் கழிந்தது. இதை எழுதும் 2025 மே மாதத்திலும் அது வெடிக்கவில்லை. ஆகவே, வெடிப்பு நாளில் இந்தத் தளம் எப்படிப் பயன்படும் என்பதைக் காட்டிலும், ஒன்றும் நடக்காததுபோல் தோன்றும் இரவுகளில் அந்த விண்மீனைப் பார்ப்பதற்கு இது என்ன காரணத்தைத் தருகிறது என்ற கேள்வியே எனக்கு முக்கியமாகப் பட்டது. மதிப்பீட்டையும் அந்தக் கேள்வியை வைத்தே செய்திருக்கிறேன்.

முதலில் பார்க்கப்படும் பொருளைப் பற்றிச் சில செய்திகள். சுமார் 3,000 ஒளியாண்டுத் தொலைவில், 227.6 நாட்களுக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் ஒன்றையொன்று சுற்றிவரும் இரு விண்மீன்கள் அவை. ஒன்று, மையத்திலிருந்த ஹைட்ரஜன் தீர்ந்துபோய், உடல் உப்பி, மேற்பரப்பு குளிர்ந்து சிவந்துவிட்ட முதிய செம்பெருமீன். மற்றொன்று, அந்த முதுமையையும் தாண்டி எரிபொருள் தீர்ந்து சுருங்கிவிட்ட வெண்குறுமீன். பூமியைவிடச் சிறிய அந்த உருண்டைக்குள் சூரியனைப்போல் ஏறத்தாழ 1.37 மடங்கு நிறை அடைபட்டிருக்கிறது. பெருமீன் தன் ஈர்ப்பால் பிடித்துவைக்கக்கூடிய எல்லை முழுவதையும் நிரப்பிவிட்டதால், அதன் வெளியடுக்கு வாயு துணையின் பக்கம் வழிந்து, வட்டாகச் சுழன்று, குறுமீனின் மேல் படிந்துகொண்டே இருக்கிறது. படிந்த ஹைட்ரஜனின் அழுத்தமும் வெப்பமும் வரம்பைக் கடக்கும்போது அணுக்கரு வினை அடுக்கு முழுவதையும் பற்றிக்கொள்கிறது. 1866 மே 12-ஆம் நாள் இரவு அயர்லாந்தின் டூவம் நகரில் ஜான் பர்மிங்காம் கண்டதும், 1946 பிப்ரவரி 9-இல் மீண்டும் காணப்பட்டதும் அந்த வெடிப்புகளே. பொலிவெண் 10 என்ற மங்கலிலிருந்து 2 அல்லது 3 வரை அது ஏறுகிறது (பொலிவெண் குறையக் குறைய ஒளி கூடும்). எட்டுப் படிகள் ஏறினால் ஏறத்தாழ 1,600 மடங்கு ஒளி கூடியதாகப் பொருள்.

ஏ.ஏ.வி.எஸ்.ஓ. 1911-இல் வில்லியம் டைலர் ஆல்காட் என்ற பொழுதுபோக்கு வானியலாளரால், ஹார்வர்டு வானாய்வகத்தின் இயக்குநராயிருந்த எட்வர்டு பிக்கரிங்கின் தூண்டுதலில் தொடங்கப்பட்டது. சம்பளத்துக்கு வேலை செய்யும் வானியலாளர்களால் எல்லா மாறொளி விண்மீன்களையும் தினமும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதும், பார்க்கும் ஆர்வமுள்ளவர்களுக்கு முறையும் வரைபடமும் கொடுத்தால் அந்தக் குறை தீரும் என்பதும் அதன் அடிப்படை எண்ணம். இன்றைய இணையச் சேவைகள் எல்லாவற்றிலும் அந்த எண்ணமே தொடர்கிறது. சங்க உறுப்பினராகச் சேரக் கட்டணம் உண்டு. ஆனால் வரைபடம் எடுக்கவோ, தரவுகளைப் பார்க்கவோ, நோக்கர் குறியீடு பெற்று, விண்மீனின் பொலிவைப் பற்றிய நம் கணிப்புகளை அனுப்பவோ உறுப்பினராக வேண்டிய கட்டாயமில்லை.

தளத்தின் மிகச் சிறந்த பகுதி எதுவென்று கேட்டால், தயக்கமின்றி விண்மீன் வரைபடம் வரைந்துதரும் கருவியைத்தான் சொல்வேன். விண்மீனின் பெயரைக் கொடுத்து, எவ்வளவு பரப்பு வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்த விண்மீனை நடுவில் வைத்து வரைபடம் உடனே உருவாகிறது. ‘ஏ’ அளவு 15 பாகை அகலத்தைக் காட்டும். ‘பி’ 3 பாகையை. ‘டி’ ஒரே ஒரு பாகையை. உங்கள் தொலைநோக்கி பிம்பத்தைத் தலைகீழாகக் காட்டுமா, இட வலம் மாற்றிக் காட்டுமா என்பதற்கேற்ப வரைபடத்தையும் திருப்பிக்கொள்ளலாம். கைபேசிச் செயலியின் அழகிய வானப்படத்தை விட்டுவிட்டு, வெள்ளைத் தாளில் கறுப்புப் புள்ளிகளாக இருக்கும் இந்த எளிய படத்துக்கு மாறியவர்கள் திரும்பிப் போவது அரிது என்றே நினைக்கிறேன். சாய்மானக் கண்ணாடி பொருத்திய தொலைநோக்கியில் தெரியும் புலமும் கையிலிருக்கும் தாளும் பொருந்திவிட்டால், தேடுதலில் பாதி முடிந்துவிடுகிறது.

புள்ளிகளுக்கு அருகில் 98, 102 என்பதுபோல் எண்கள் இருக்கும். அவை பொலிவெண்கள், 98 என்றால் 9.8. பதின்மப் புள்ளியை ஒரு விண்மீனாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே அதை விட்டுவிட்டு அச்சிடுகிறார்கள். அந்த விண்மீன்கள் ஒளி மாறாதவை, பொலிவு துல்லியமாக அளக்கப்பட்டவை. மாறும் விண்மீன் இவற்றில் எதைவிடப் பொலிவு, எதைவிட மங்கல் என்று பார்த்து, இடைவெளியில் அது எங்கே நிற்கிறது என்பதைக் கண்ணால் மதிப்பிட வேண்டும். வேறு கருவி எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு வரைபடத்துக்கும் ஒரு தனி அடையாள எண் உண்டு. கணிப்பை அனுப்பும்போது அந்த எண்ணையும் தர வேண்டும். பிற்காலத்தில் ஒப்பீட்டு விண்மீன்களின் பொலிவெண் திருத்தப்பட்டால், பழைய கணிப்புகளையும் அதற்கேற்பத் திருத்த அந்த எண் உதவும். பல தலைமுறைகளுக்குப் பயன்படும் பதிவேடு எப்படி இருக்க வேண்டும் என்று சிந்தித்தவர்களின் வேலை இது என்பதை இந்தச் சிறு ஏற்பாடே காட்டிவிடுகிறது.

டி கொரோனா போரியாலிஸுக்கு வரைபடம் எடுப்பவர்கள் ‘பி’ அளவில் ஒன்றையும் ‘ஏ’ அளவில் ஒன்றையும் முன்கூட்டியே எடுத்துவைப்பது நல்லது. வழக்கமான இரவுகளுக்குச் சிறிய பரப்பு போதும். வெடித்துவிட்டால் அது வடமுடியின் முதன்மை விண்மீனாகிய ஆல்ஃபெக்காவுக்கு (பொலிவெண் 2.2) நிகராக நிற்கக்கூடும், அப்போது ஒப்பிடத் தகுந்த விண்மீன்கள் சிறிய வரைபடத்துக்குள் இரா. உச்சப் பொலிவு சில மணி நேரமே நிற்கும், ஒரு வாரத்துக்குள் வெறுங்கண் பார்வையிலிருந்து மறைந்துவிடும் என்பதால், அன்றிரவு வரைபடம் தேடிக்கொண்டிருக்க நேரமிராது.

இருப்பிடத்தைப் பொறுத்தவரை தமிழ்நாட்டிலிருந்து பார்ப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். சுவாதி நட்சத்திரத்திலிருந்து அபிஜித்தை நோக்கிக் கோடு இழுத்தால், மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் அரைவட்டமாக வடமுடி தெரியும். அதன் கிழக்கு ஓரத்தில் உள்ள எப்சிலான் விண்மீனுக்கு அருகில் நம் இரட்டையர் இருக்கிறார்கள். ஜூன் பிற்பகுதியில் இரவு 10 மணி அளவில் அது உச்சிக்குச் சற்றே வடக்கில், வளிமண்டலம் குறைவாகக் குறுக்கிடும் உயரத்தில் நிற்கும். தென்மேற்குப் பருவமழையின் மேகங்களைப் பற்றித் தளம் ஒன்றும் செய்ய முடியாது. பத்தாம் பொலிவெண்ணுக்கு நகரத்திலிருந்து 80 மில்லிமீட்டர் தொலைநோக்கியாவது வேண்டும். இருண்ட கிராமத்து வானில் 10×50 பைனாகுலரால் எட்டிப் பிடிக்கலாம் என்றாலும் அது எல்லைக்கோட்டு முயற்சிதான்.

கணிப்பை அனுப்பும் படிவத்தில்தான் புதியவர் தடுமாறுவார். விண்மீனின் பெயர், நேரம், பொலிவெண், பயன்படுத்திய ஒப்பீட்டு விண்மீன்கள், வரைபட எண் ஆகியவை கட்டாயம். நேரத்தை உலகப் பொது நேரத்திலோ, ஆண்டு மாதம் பாராமல் நாட்களைத் தொடர்ந்து எண்ணிவரும் ஜூலியன் நாளிலோ தர வேண்டும். இரவு 9 மணி என்பது உலக நேரத்தில் 15:30. ஜூலியன் நாள் கிரீன்விச் நண்பகலில் தொடங்குவதால், நமக்கு மாலை 5:30-க்கு நாள் பிறக்கிறது. எனவே இந்தியாவில் ஓர் இரவு முழுவதும் ஒரே ஜூலியன் நாளுக்குள் அடங்கிவிடுகிறது. நள்ளிரவில் தேதி மாறும் தொல்லை இல்லாத இந்த ஏற்பாடு நமக்கு வசதியானது. ஆனால் இதையெல்லாம் படிவமே விளக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உதவிக் குறிப்புகள் தளத்தில் இல்லாமல் இல்லை. அவை வெவ்வேறு பக்கங்களில் சிதறிக் கிடக்கின்றன. தளம் ஆங்கிலத்திலேயே இயங்குகிறது என்பதும், முதற்பக்கத்திலேயே சுருக்கெழுத்துகள் வரிசைகட்டி நிற்கின்றன என்பதும் பள்ளி மாணவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கும் ஆசிரியர் மனத்தில் கொள்ள வேண்டியவை.

அதே படிவத்தில் எனக்குப் பிடித்த இரண்டு ஏற்பாடுகளும் உள்ளன. விண்மீன் தெரியவே இல்லையென்றால், புலத்தில் தெரிந்த மிக மங்கலான ஒப்பீட்டு விண்மீன் எதுவோ அதைவிடவும் மங்கல் என்று எழுதி அனுப்பலாம். அதுவும் முறையான பதிவாகவே ஏற்கப்படுகிறது. நிலவொளி, மெல்லிய மேகம், கணிப்பில் நிச்சயமின்மை ஆகியவற்றுக்கு ஓரெழுத்துக் குறிகள் உண்டு. பார்த்தவரின் சூழலையும் சேர்த்தே பதிவுசெய்யும் இந்த நேர்மை, நட்சத்திரக் குறிகளால் மட்டும் எதையும் மதிப்பிடப் பழகிவிட்ட இன்றைய இணையச் சேவைகளில் அரிதாகவே காணக் கிடைக்கிறது.

செம்பெருமீன்களைக் கண்ணால் மதிப்பிடுவதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. சிவந்த விண்மீனை உற்று நோக்கிக்கொண்டே இருந்தால், விழித்திரையில் அதன் ஒளி சேர்ந்து, உள்ளதைவிடப் பொலிவாகத் தோன்றத் தொடங்கும். உற்றுப் பார்க்காமல் சட்டென்று பார்த்துக் கண்ணை எடுக்க வேண்டும், அல்லது குவியத்தைச் சற்றே கலைத்துப் பார்க்க வேண்டும் என்று சங்கத்தின் நோக்கர் கையேடு அறிவுறுத்துகிறது. அந்தக் கையேடும் இலவசம். படிவத்தைத் தொடுமுன் அதைப் படிப்பவருக்கு நான் மேலே சொன்ன தடுமாற்றங்களில் பெரும்பகுதி வராது.

இனி ஒளிவளைவு, அதாவது நாட்கள் செல்லச் செல்லப் பொலிவு மாறுவதைக் காட்டும் படம், வரையும் கருவிக்கு வரலாம். வெடிக்காத விண்மீனை எதற்குப் பார்க்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை இருப்பது இங்கேதான். விண்மீனின் பெயரையும் கால எல்லையையும் கொடுத்தால், உலகெங்குமிருந்து வந்த கணிப்புகள் புள்ளிகளாக விரிகின்றன. முதல் பார்வையில் அது வெறும் புள்ளிக்கூட்டம். கண்ணால் செய்யும் ஒரு கணிப்பில் 0.1 முதல் 0.2 வரை பிழை இருக்கலாம். இந்த விண்மீனோ அமைதியான காலத்தில் 9.8-க்கும் 10.2-க்கும் இடையில்தான் உலவுகிறது. அதாவது தனி ஒருவரின் பிழையும் விண்மீனின் மாற்றமும் ஏறத்தாழ ஒரே அளவு. என் கணிப்புகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அவற்றிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ஆனால் பல நூறு பேருடைய புள்ளிகள் ஓராண்டுக்கு நீளும்போது, கூட்டத்தின் நடுவே ஓர் அலை எழுந்து தாழ்வது தெளிவாகத் தெரிகிறது. ஒரு சுற்றுக்கு இரு முகடுகள். முகடுகளுக்கு இடையே ஏறத்தாழ 114 நாட்கள்.

அந்த இரட்டை முகடு எப்படி வருகிறது என்பதை அறிந்தபின் அந்தப் படத்தைப் பார்க்கும் விதமே மாறிவிடும். துணையின் ஈர்ப்பால் செம்பெருமீன் முட்டைபோல நீண்டிருக்கிறது. சுற்றிவரும்போது அதன் நீண்ட பக்கம் நமக்கு ஒரு சுற்றில் இருமுறை தெரியும். அப்போது பரப்பு அதிகம், ஒளியும் அதிகம். முனை நம்மைப் பார்த்து நிற்கும் இரு வேளைகளில் ஒளி குறையும். எந்தத் தொலைநோக்கியாலும் வட்டாகக்கூடக் காண முடியாத தொலைவில் இருக்கும் ஒரு விண்மீனின் உருவம் உருண்டையல்ல என்பதை, வீட்டு மாடிகளிலிருந்து செய்யப்பட்ட கண் கணிப்புகளின் சராசரி காட்டிவிடுகிறது.

கருவியில் வண்ண வடிகட்டி வாரியாகப் புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் வசதியும் இருக்கிறது. பலர் அதைத் தொடாமலே விட்டுவிடக்கூடும். தொட்டுப் பார்க்க வேண்டும். கண் கணிப்புகளிலும் பசுமஞ்சள் வடிகட்டி அளவுகளிலும் மேலோங்கி நிற்பது செம்பெருமீனின் ஒளி. நீல வடிகட்டி வழியே படக்கருவியால் அளந்தவற்றில் செம்பெருமீன் அடங்கிவிட, குறுமீனைச் சுற்றிச் சுழலும் சூடான வாயுவட்டு முன்னுக்கு வருகிறது. ஒரே புள்ளியாகத் தெரியும் இரட்டையரில் எவர் என்ன செய்கிறார் என்று தனித்தனியே பார்க்க இது வழி. 2015 அளவில் நீல ஒளி கூடி, அந்த உயர்நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்ததும், 2023 மார்ச், ஏப்ரல் வாக்கில் அது இறங்கத் தொடங்கியதும் அந்த வளைவில் நேராகக் காணக்கூடியவை. 1946 வெடிப்புக்கு முன்பும் இதேபோன்ற உயர்நிலையும், ஏறத்தாழ ஓராண்டுக்கு முன் ஒரு மங்கலும் பதிவாகியிருந்தன. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிராட்லி ஷேஃபர் 2024-ஐக் குறித்தது இந்த ஒப்புமையை வைத்துத்தான். கணிப்பு பொய்த்தது என்று சிரிப்பவர்கள் இரண்டு வளைவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், கையில் ஒரே ஒரு முன்னுதாரணத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆண்டைச் சொல்வது எவ்வளவு துணிச்சலான வேலை என்பது விளங்கும். அந்த முன்னுதாரணத்தின் பெரும்பகுதியும் இச்சங்கத்தின் நோக்கர்கள் கண்ணால் பார்த்து எழுதிவைத்தவையே.

அவர்களில் ஒருவர் ஒஹையோ மாநிலத்தின் டெல்ஃபாஸ் ஊரைச் சேர்ந்த லெஸ்லி பெல்டியர். வாழ்நாளில் 1,32,000-க்கும் மேற்பட்ட கணிப்புகளை அனுப்பியவர். இந்த விண்மீனை 1920 முதல் விடாமல் பார்த்துவந்தவர். 1946 பிப்ரவரியில் அது வெடித்த இரவு, விழிப்பு மணி அடித்தும் சளித் தொல்லையால் திரும்பப் படுத்துவிட்டார். இந்தக் கதையைச் சொல்லாத மாறொளி விண்மீன் நோக்கர் இல்லை. கதையில் எனக்குச் சுவையாகப் படுவது அவர் தவறவிட்டது அல்ல, அதற்கு முந்திய கால் நூற்றாண்டில் அவர் எழுதியனுப்பிய ‘மாற்றமில்லை’ என்ற வகைப் பதிவுகள் இன்று வளைவில் பயன்பட்டுக்கொண்டிருப்பது.

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றும் சொல்லத் தக்கது. அன்றைய வங்கத்தின் ஜெசூரில் அரசுக் கருவூல ஊழியராயிருந்த ராதாகோவிந்த சந்திரா 1918-இல் அக்விலா விண்மீன் குழுவில் திடீரென வெடித்துப் பொலிந்த நோவாவைத் தாமே கண்டறிந்து, பின்னர் இச்சங்கத்தின் நோக்கராகி 37,000-க்கும் மேற்பட்ட கணிப்புகளை அனுப்பினார். சங்கம் அவருக்குக் கடனாகக் கொடுத்த ஆறங்குலத் தொலைநோக்கி பின்னாளில் வானியலாளர் வேணு பாப்புவின் பொறுப்புக்கு வந்து, ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்தைச் சென்றடைந்தது. நம் பதிவுகளும் சந்திராவின் பதிவுகள் இருக்கும் அதே தரவுத்தளத்தில்தான் சேர்கின்றன.

ஒளிவளைவுக் கருவியின் குறைகளையும் சொல்ல வேண்டும். கூட்டத்திலிருந்து வெகுதூரம் விலகி நிற்கும் புள்ளிகள் எப்போதும் சில இருக்கும். அவை விண்மீன் உண்மையிலேயே மாறியதைக் காட்டுகின்றனவா, யாரோ பக்கத்து விண்மீனைப் பார்த்துவிட்டதைக் காட்டுகின்றனவா என்று புதியவருக்குத் தெரியாது. புள்ளியின் மேல் சுட்டியை வைத்தால் அதை அனுப்பியவரின் குறியீடும் மதிப்பும் தெரிகின்றன என்பது ஓரளவு உதவி. நம் குறியீட்டைக் கொடுத்து நம் புள்ளிகளை மட்டும் வேறுபடுத்திக் காட்டச் செய்யலாம். ஒரு நடைமுறை அறிவுரை: கணிப்பை அனுப்பிவிட்டுப் பிறகு வளைவைப் பாருங்கள். முன்பே பார்த்துவிட்டால், ‘எல்லோரும் 9.9 என்கிறார்கள்’ என்ற நினைப்பு கண்ணைக் கட்டிவிடும். அப்படிச் செய்த கணிப்பால் யாருக்கும் பயனில்லை.

விண்மீன் வெடித்துவிட்டால் எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு, சங்கம் வெளியிடும் எச்சரிக்கை அறிவிப்புகள் உண்டு. அந்த ஒரு தேவைக்காக மட்டும் வருபவர் வேறெதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. கண்ணைக் கவரும் வண்ணப் படங்களை எதிர்பார்ப்பவருக்கும் இது உகந்த இடம் அல்ல. சிறிய தொலைநோக்கி ஒன்றை வாங்கி, நிலவையும் சனியையும் பார்த்து முடித்து, இனி என்ன என்று அதை மூலையில் வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல சேவை எதையும் நான் அறியேன்.

அப்படிப்பட்டவர் டி கொரோனா போரியாலிஸிலேயே தொடங்க வேண்டும் என்பதில்லை. பத்தாம் பொலிவெண் தொடக்கக்காரருக்குக் கடினம், நவம்பர் இறுதியை ஒட்டிய வாரங்களில் அது சூரியனுக்கு அருகில் போய்விடும். அந்தப் பருவத்தில் மாலை வானில் இருப்பது மீரா. 1596-இல் டேவிட் ஃபாப்ரிசியஸ் கவனித்த இதுவும் ஒரு முதிய செம்பெருமீனும் வெண்குறுமீனும் சேர்ந்த இரட்டைதான். ஆனால் இங்கே பெருமீனே சுருங்கி விரிந்து, 332 நாட்களில் பொலிவெண் 3 அளவிலிருந்து 9 வரை இறங்கி ஏறுகிறது. மாற்றம் இவ்வளவு பெரியதாக இருப்பதால் 0.2 பிழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், தனி ஒருவரின் கணிப்புகளே சில மாதங்களில் வளைவாகிவிடும். உச்சத்தை ஒட்டி ‘ஏ’ அளவு வரைபடமும் வெறுங்கண்ணும் போதும். அடுத்த உச்சம் எப்போது வரும் என்பதைத் தளத்தில் மீராவின் ஒளிவளைவைக் கடந்த இரண்டு ஆண்டுகளுக்கு வரையச் செய்து, கடைசி முகட்டிலிருந்து பதினொரு மாதத்தைக் கூட்டி, நீங்களே கணித்துக்கொள்ளலாம்.